ஐந்நூறு மில்லி

ஒரு நாளைக்கு ஐந்நூறு என்று
வவுனியா ஆஸ்பத்திரியில் எழுதித் தந்தார்கள்.
தேத்தண்ணி, கஞ்சி, குளிசைக்கு ஒரு மிடறு
எல்லாம் அதற்குள்.
அளக்க நான் வாங்கியது
கோடு போட்ட குழந்தைப் பால்போத்தல்.
கடைக்காரப் பெடியன் என் வயதைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஐயா முப்பத்தொரு வருசம்
குளத்துத் துருசின் திறப்பை இடுப்பில் செருகி நடந்தவர்.
எந்த வயலுக்கு எத்தனை மணித்தியாலம்,
கடைசிக் காணி காயாமலிருக்க
முதற்காணிக்காரனோடு எத்தனை வசவு,
எல்லாம் மனப்பாடம்.
நெடுங்கேணிப் பக்கம் இன்னமும்
சங்கரப்பிள்ளையர் வைத்த சாண் என்றால்
மறுபேச்சில்லை.
இப்போது விடியற்காலை
போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார்.
"கோட்டுக்குக் கீழ நிக்குது. நிரப்படி."

செவ்வாயும் வெள்ளியும் நாலரைக்கு ஓட்டோ.
புளியங்குளம் சந்தியில் ஒருக்கால் சத்தி,
ஓமந்தை தாண்டினால் நித்திரை.
உள்ளே இயந்திரம் அவர் இரத்தத்தைக் கழுவ
வெளியே வாங்கில் இருந்து நான்
பில்லுகளைப் படமெடுத்து பேர்ணுக்கு அனுப்புவேன்.
அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருவிரல் போடுவான்.
காசு ஒருநாளும் பிந்தியதில்லை,
அதைச் சொல்லத்தான் வேணும்.

அக்கா கிளிநொச்சியில் ரீச்சர்.
ஞாயிறு பத்து மணி பஸ்ஸில் வருவாள்,
ஐயாவுக்கு நகம் வெட்டுவாள்.
"நீயும் கொஞ்சம் வெளியில போட்டு வாவன்"
என்று என்னைச் சந்தைக்கு அனுப்புவாள்.
அன்பென்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில்
இரவு பதினொன்றுக்கு ஐயாவின் கால்கள் எழும்பவில்லை.
நெஞ்சு எங்கோ தூரத்தில் அடித்தது.
அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது.
"இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால்...
என்ன குடுத்தனீங்கள்?" என்றார் டொக்டர்.

உடுப்பெடுக்க விடிய வீட்டுக்கு வந்தேன்.
கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால்
இளநீர்க் கோம்பை மூன்று,
வாய் கவிழ்த்து, வரிசையாக.
அக்கா எதையும் ஒழுங்காக வைப்பவள்.

அன்றிரவு போனில் மூன்று கட்டங்கள், மூன்று முகம்.
"நீ பக்கத்தில இருந்து என்னத்தைப் பாத்தனி?
கமரா ஒண்டு பூட்டுவம்,
நான் இஞ்சை இருந்து பாக்கிறன்" என்றான் அண்ணன்.
அக்கா தன் கட்டத்தில்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
பிறகும் துடைத்தாள்.
"தெரியேல்லை. கிணத்தில அள்ளிக் குடிச்சிருப்பார்"
என்றேன்.
இரக்கம் என்று நினைக்க வேண்டாம்.
அவள் பெயரில் ஒரு கடன் எழுதி
பூட்டி வைத்துக்கொண்டேன்.
கோம்பைகளை அடுப்பில் வைத்தேன்,
பச்சை, எரியவில்லை,
வீடு முழுக்கப் புகை.

மூன்றாம் நாள் வார்ட்டில்
ஒட்சிசன் மூடியை விலக்கி, ஐயா கையால் கூப்பிட்டார்.
குனிந்தேன்.
"பெரியவள் தந்தது நல்ல இனிப்பு."

பதினொரு மாதம்.
என் கையால் எத்தனை போத்தல்.
ஒன்றுக்கும் ருசி சொன்னதில்லை அவர்.
மூடியைத் திரும்பவும் பொருத்திவிட்டேன்,
கொஞ்சம் இறுக்கமாக.

அடுத்த ஞாயிறு அக்கா வெறுங்கையோடு வந்தாள்.
வளராத நகத்தை வெட்டினாள்.
என்னைச் சந்தைக்குப் போகச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை,
சோறு மட்டும் ஒரே கோப்பையில் குழைத்தோம்.
ஐயா உதட்டை நாக்கால் தடவினார்.
போத்தலை அவள் கையில் கொடுத்தேன்.
"கோட்டைப் பாத்து ஊத்து."

ஊற்றினாள்.
கை நடுங்கி
கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது.
நான் பார்த்தேன். அவள் பார்த்தாள்.
துருசுக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார்.

கமரா வந்து ஐந்து நாள்.
பெட்டி உடைக்காமல்
அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.